சுனிதி சாலமன்

சுனிதி சாலமன் (அக்டோபர் 14, 1938 – ஜூலை 28, 2015) தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் நுண்ணுயிரியல் ஆய்வாளரும் ஆவார். இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று இருப்பதை 1986 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிப்படுத்திய ஆய்வை வழிநடத்தியவர் இவர். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் பேராசிரியராக இருந்த இவர், 1993 ஆம் ஆண்டில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் எய்ட்சு ஆய்வு, கல்வி மையத்தை நிறுவினார். தென்னிந்திய நோயாளிகளில் எச்.ஐ.வி நோய் எவ்வாறு முற்றுகிறது, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றுகிறது, சிகிச்சை அதனை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பன இம்மையத்தில் இவர் மேற்கொண்ட ஆய்வுகளின் முதன்மைப் பொருள்களாகும். இவரது மறைவுக்குப் பின்னர், 2017 ஆம் ஆண்டில், இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

இளமையும் கல்வியும்

சுனிதி, சென்னையில் தோல் வணிகம் செய்துவந்த மராத்தியக் குடும்பமான கைதொண்டே குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தோர் எண்மர் கொண்ட அக்குடும்பத்தில் இவர் ஒருவரே பெண். ஆண்டுதோறும் அம்மை குத்துவதற்காக வீட்டிற்கு வந்த சுகாதார அலுவலரைக் கண்டே தமக்கு மருத்துவத்தில் ஆர்வம் பிறந்ததாக இவர் கூறியுள்ளார். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றபோது, பின்னர் இதய அறுவை மருத்துவரான விக்டர் சாலமனைச் சந்தித்து மணந்துகொண்டார்.

திருமணத்திற்குப் பின் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆசுத்திரேலியா ஆகிய நாடுகளில் நோயியல் பயிற்சி பெற்றார். தமது பணி தாய்நாட்டிற்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று கருதி 1973 ஆம் ஆண்டில் கணவருடன் சென்னை திரும்பினார். அதன்பின் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்று, தாம் பயின்ற கல்லூரியின் நுண்ணுயிரியல் நிறுவனத்திலேயே ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

ஆய்வின் பின்னணி

எய்ட்சு நோய் 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாக மருத்துவ இதழ்களில் பதிவு செய்யப்பட்டது. அதனை உண்டாக்கும் தீநுண்மத்தைப் பாரிசு நகரின் பாசுச்சர் நிறுவன ஆய்வாளர்கள் 1983 இல் பிரித்தெடுத்தனர். இத்தீநுண்மம் உடலின் நோயெதிர்ப்புப் பணியை ஒருங்கிணைக்கும் சி.டி.4 வகை வெள்ளையணுக்களுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அவற்றை அழிக்கிறது. இவ்வணுக்களின் எண்ணிக்கை பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் குறைந்து, இறுதியில் உடல் எளிய தொற்றுகளைக் கூடத் தாங்க இயலாத நிலையை அடைகிறது. அந்நிலையே எய்ட்சு எனப்படுகிறது. தொற்று ஏற்பட்டதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழியலாம் என்பதால், குருதிச் சோதனை இன்றி ஒருவருக்குத் தொற்று உள்ளதா என்று அறிய இயலாது. அச்சோதனைக்கான கருவித்தொகுதிகள் 1985 ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டிற்கு வந்தன.

அக்காலத்தில் இந்தியாவில் இந்நோய் மேலை நாடுகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் மருத்துவர்களிடையேயும் பொதுமக்களிடையேயும் பரவலாக இருந்தது. மும்பையில் நடத்தப்பட்ட சோதனைகளிலும் தொற்று எதுவும் கண்டறியப்படவில்லை. சென்னை மும்பையைவிட மரபு சார்ந்த நகரம் என்று கருதப்பட்டதால், இங்கு தேடுவதில் பயனில்லை என்பதே பலரது கருத்தாக இருந்தது. மருத்துவ இதழ்களில் எய்ட்சு பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படித்துவந்த சாலமன் இக்கருத்தை ஏற்கவில்லை. தேடிப் பார்க்காமல் இல்லை என்று சொல்ல முடியாது என்பதே இவரது நிலைப்பாடு.

1986 ஆம் ஆண்டு ஆய்வு

மாதிரிகள் சேகரிப்பு

1985 ஆம் ஆண்டின் இறுதியில், முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா தமது ஆய்வேட்டிற்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, தமிழ்நாட்டில் எச்.ஐ.வி கண்காணிப்பு என்ற பொருளைச் சாலமன் பரிந்துரைத்தார். அப்போது 32 வயதான நிர்மலா, சிறிய ஊரில் மரபு சார்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர். முதலில் தயங்கிய அவர், கணவர் வீரப்பன் இராமமூர்த்தி அளித்த ஊக்கத்தால் இப்பணியை ஏற்றார்.

தொற்று ஏற்பட வாய்ப்பு மிகுந்த பிரிவினரிடமிருந்து 200 குருதி மாதிரிகள் சேகரிப்பது திட்டம். சென்னையில் பாலியல் தொழில் நடைபெறும் தனிப்பகுதி என்று எதுவும் இல்லாததால், நிர்மலா அரசுப் பொது மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை பெற வந்த பெண்களை அணுகினார். அவர்கள் மூலமாகப் பிறரைப் பற்றி அறிந்து, காவல்துறையால் பிடிக்கப்பட்ட பெண்கள் தங்கவைக்கப்பட்ட அரசுக் காப்பகத்திற்கும் சென்றார். மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் கிடைத்தன. கையுறை போன்ற பாதுகாப்புக் கருவிகள் அப்போது அவரிடம் இல்லை. சாலமனும் நிர்மலாவும் சிறிய ஆய்வகம் ஒன்றை அமைத்துக் குருதியிலிருந்து ஊநீரைப் பிரித்தெடுத்தனர். அம்மாதிரிகளை வைத்துப் பாதுகாக்க வேறு வசதி இல்லாததால், நிர்மலா அவற்றைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார்.

வேலூரில் நடந்த சோதனை

சென்னையில் எச்.ஐ.வி சோதனை வசதி அப்போது இல்லை. எனவே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தீநுண்மவியல் துறைத் தலைவர் ஜேக்கப் ஜானின் உதவியைச் சாலமன் நாடினார். 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவர் கணவரும் மாதிரிகளைப் பனிக்கட்டியில் வைத்து, இரவு நேரத் தொடர்வண்டியில் காட்பாடி சென்று, அங்கிருந்து வேலூரை அடைந்தனர்.

வேலூரில் ஜார்ஜ் பாபு, எரிக் சிமோயிசு ஆகியோரின் துணையுடன் எலைசா முறையில் சோதனை நடைபெற்றது. இம்முறையில், தீநுண்மத்தின் புரதங்கள் பூசப்பட்ட சிறு குழிகளில் ஊநீர் இடப்படும். தொற்று உள்ளவரின் ஊநீரில் அப்புரதங்களுக்கு எதிராக உடல் உருவாக்கிய பிறபொருளெதிரிகள் இருக்கும். அவை குழியில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் சேர்க்கப்படும் நொதியும் வேதிப்பொருளும் அவ்விடத்தில் மட்டும் நிறத்தை உண்டாக்கும். எனவே இச்சோதனை தீநுண்மத்தை நேரடியாகக் காட்டுவதில்லை. அதனை எதிர்கொண்ட உடலின் எதிர்வினையையே காட்டுகிறது.

சோதனை நடுவே மின்தடை ஏற்பட்டது. மீண்டும் திரும்பி வந்து பார்த்தபோது, ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறியிருந்தன. அவர்களுள் 13 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள் என்றும், கடத்தி விற்கப்பட்டவள் அவள் என்றும், அச்செய்தியே தம்மை இத்துறையில் நிலைத்திருக்கச் செய்தது என்றும் சாலமன் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

எலைசா சோதனை சில வேளைகளில் தொற்று இல்லாதவரையும் தொற்று உள்ளவராகக் காட்டக்கூடும். ஆகவே முடிவை உறுதிப்படுத்தாமல் வெளியிட இயலாது. மீண்டும் மாதிரிகள் பெறப்பட்டு, அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, வெசுட்டர்ன் பிளாட் முறையில் சோதிக்கப்பட்டன. தீநுண்மப் புரதங்களை அளவின்படி தனித்தனியே பிரித்து, எவ்வெவற்றுக்கு எதிராகப் பிறபொருளெதிரி உள்ளது என்று காட்டும் இம்முறையிலும் அதே முடிவு கிடைத்தது.

அறிவிப்பும் எதிர்வினையும்

இம்முடிவு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திற்கும், அதன் வழியாகப் பிரதமர் இராசீவ் காந்திக்கும், தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டேக்கும் தெரிவிக்கப்பட்டது. 1986 மே மாதத்தில் ஹண்டே சட்டமன்றத்தில் இதனை அறிவித்தார். பலர் முதலில் நம்ப மறுத்தனர். சோதனை முறையையே ஐயுற்றவர்களும் இருந்தனர். எனினும் அதே ஆண்டிலேயே நடுவண் அரசு தேசிய எய்ட்சுக் குழுவை அமைத்தது. தேசிய எய்ட்சுக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1992 இல் தொடங்கியது.

நிர்மலா 1987 மார்ச்சில் தமது ஆய்வேட்டை அளித்தார். பின்னர் சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் பணியாற்றி 2010 இல் ஓய்வு பெற்றார். வேலூர், சென்னை ஆய்வாளர்கள் இணைந்து எழுதிய கட்டுரை 1987 ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியானது. இக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் சாலமனின் பெயராலேயே அறியப்பட்டது. மாதிரிகளைச் சேகரித்த நிர்மலாவின் பங்கு பிற்காலத்திலேயே பரவலாகத் தெரியவந்தது.

நிறுவனங்கள்

1988 முதல் 1993 வரை சாலமன் சென்னை மருத்துவக் கல்லூரியில் எய்ட்சு வளக் குழு ஒன்றை நடத்தினார். ஆய்வு, சோதனை, ஆலோசனை ஆகிய மூன்றையும் ஒருங்கே வழங்கிய இவ்வமைப்பு இந்தியாவில் இத்தகையவற்றுள் முதலாவதாகும். எச்.ஐ.வி நோயாளிகளை மருத்துவமனைகளிலேயே பலர் தொட மறுத்த காலம் அது. தொற்று உள்ளவர்களுக்கெனத் தனி மையம் தேவை என்று உணர்ந்த சாலமன், அரசுப் பணியிலிருந்து விலகி, 1993 ஆம் ஆண்டில் தம் தந்தையின் பெயரில் ஒய்.ஆர். கைதொண்டே எய்ட்சு ஆய்வு, கல்வி மையத்தைத் தொடங்கினார். ஒய்.ஆர்.ஜி. கேர் என்று சுருக்கமாக வழங்கும் இம்மையம் பின்னர் சென்னை தரமணியில் உள்ள தன்னார்வ நலச் சேவை மருத்துவமனை வளாகத்தில் இயங்கியது.

சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வழங்குவது மையத்தின் நடைமுறையாக இருந்தது. தொற்று ஏற்பட்ட முதற்சில வாரங்களில் பிறபொருளெதிரி போதிய அளவில் உருவாகியிருக்காது என்பதால், இல்லை என்று வரும் முடிவும் இறுதியானதன்று. மறுசோதனைக்கு வரவேண்டும் என்பதை விளக்கவும் ஆலோசனை தேவைப்பட்டது. நோயாளியின் பெயரையும் நிலையையும் மறைவாகக் காப்பதில் மையம் கண்டிப்பாக இருந்தது. இந்நம்பிக்கையின் காரணமாக நோயாளிகள் பல ஆண்டுகள் தொடர்ந்து வந்தனர். அவ்வாறு தொடர்ந்து வந்தவர்களின் மருத்துவப் பதிவுகளே பிற்கால ஆய்வுகளுக்கு அடிப்படையாயின.

ஆய்வுப் பணிகள்

மணமான பெண்களிடையே தொற்று

1986 ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு பாலியல் தொழிலாளர்களிடையே நிகழ்ந்ததால், இந்நோய் அவர்களுக்கு மட்டுமே உரியது என்ற தவறான எண்ணம் பரவியது. மையத்திற்கு வந்த 134 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரை இவ்வெண்ணத்தை மறுத்தது. அப்பெண்களுள் 81 விழுக்காட்டினர் இல்லத்தரசிகள். 88 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருவரோடு மட்டுமே உறவு கொண்டிருந்தவர்கள். அதாவது, பெரும்பாலோர்க்குத் தொற்று கணவரிடமிருந்தே வந்துள்ளது. ஒருவனுக்கு ஒருத்தி என்ற ஒழுக்கம் மட்டும் பெண்ணைக் காப்பதில்லை, கணவரையும் சேர்த்தே சோதனையும் ஆலோசனையும் அமைய வேண்டும் என்பது இவ்வாய்வின் பயனாகும்.

நோயின் இயல்பான போக்கு

எச்.ஐ.வி நோயின் போக்குப் பற்றிய தொடக்கக்கால அறிவு பெரும்பாலும் மேலை நாட்டு நோயாளிகளிடமிருந்து பெறப்பட்டது. அந்நாடுகளில் பி என்னும் துணைவகைத் தீநுண்மமும், இந்தியாவில் சி என்னும் துணைவகையும் மிகுதியாகக் காணப்படுகின்றன. உடன் தாக்கும் நோய்களும் வேறுபடுகின்றன. நா. குமாரசாமியும் சாலமனும் பிறரும் 594 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2003 இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்திய நிலையைத் தெளிவாக்கியது.

இதன்படி, தொற்று கண்டறியப்பட்டதிலிருந்து சராசரி வாழ்நாள் 92 மாதங்கள். எய்ட்சு நிலையைக் காட்டும் நோய்களுள் நுரையீரல் காசநோயே முதலிடம் பெற்றது. 49 விழுக்காட்டினர் அதனால் தாக்கப்பட்டனர். மேலை நாடுகளில் முதன்மையாகப் பேசப்பட்ட நியூமோசிசுட்டிசு நுரையீரல் அழற்சி இங்கு 6 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் சி.டி.4 அணுக்கள் 200 க்கும் குறைவாக இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, 350 க்கு மேல் இருந்தவர்களை விட 19 மடங்காக இருந்தது. எச்.ஐ.வி மருத்துவமும் காசநோய் மருத்துவமும் இந்தியாவில் பிரிக்க இயலாதவை என்பதை இவ்வெண்கள் காட்டின.

எளிய சோதனை முறைகள்

சி.டி.4 அணுக்களை எண்ணினால்தான் சிகிச்சையை எப்போது தொடங்குவது என்று அக்காலத்தில் முடிவு செய்ய இயலும். ஆனால் அவற்றை எண்ணும் பாய்வு அணுவளவிக் கருவி விலை மிகுந்தது. சிறிய மருத்துவமனைகளில் நுண்ணோக்கியைக் கொண்டே எண்ணத்தக்க மலிவான முறைகளை மையத்தின் ஆய்வகம் சோதித்து 2004 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. 

மருந்துகளும் இதே சிக்கலுக்கு உட்பட்டிருந்தன. 2001 இல் இந்திய நிறுவனமான சிப்லா, மூன்று மருந்துகளின் கூட்டை நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 350 அமெரிக்க வெள்ளி விலையில் தொண்டு நிறுவனங்களுக்கு வழங்க முன்வந்தது. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 முதல் இலவசச் சிகிச்சையைத் தொடங்கியது. உள்நாட்டு மருந்துகளை உட்கொண்ட நோயாளிகளின் உடல்நலமும், பக்க விளைவுகளும், மருந்தை எதிர்க்கும் தீநுண்ம வகைகளும் மையத்தில் தொடர்ந்து பதிவு செய்யப்பட்டன.

சிகிச்சையே தடுப்பு

இணையருள் ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கும்போது, அவருக்கு முன்கூட்டியே சிகிச்சை அளித்தால் மற்றவரைக் காக்க இயலுமா என்பதை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு எச்.பி.டி.என். 052 ஆகும். மைரன் கோகன் தலைமையில் ஒன்பது நாடுகளில் 1,763 இணையரிடையே நடைபெற்ற இதில் சென்னை மையமும் பங்கேற்றது. 2011 இல் வெளியான முடிவுகளின்படி, முன்கூட்டிய சிகிச்சை இணையருக்கிடையிலான தொற்றை 96 விழுக்காடு குறைத்தது. மருந்து, குருதியில் உள்ள தீநுண்மத்தின் அளவைக் குறைப்பதே இதற்குக் காரணம். 2015 இல் உலக சுகாதார நிறுவனமும் 2017 இல் இந்திய அரசும், சி.டி.4 எண்ணிக்கை எதுவாயினும் தொற்று உள்ள அனைவர்க்கும் சிகிச்சை என்ற கொள்கையை ஏற்றன. மணமான பெண்கள் பற்றிய 2000 ஆம் ஆண்டு ஆய்வு எழுப்பிய கேள்விக்கு இவ்வாறு ஒரு விடை கிடைத்தது.

தமிழ்நாட்டில் நோய்த்தடுப்பும் கொங்கு மண்டலமும்

இந்தியாவில் மாநில அளவிலான முதல் எய்ட்சுக் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994 இல் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்டது. நோய் சென்னைக்கு மட்டும் உரியதன்று என்பது விரைவிலேயே தெரியவந்தது. கொங்கு மண்டலத்தில், சரக்குந்துத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டம், மாநிலத்தில் தொற்று மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. பல வாரங்கள் வீட்டைவிட்டுப் பிரிந்து நெடுஞ்சாலைகளில் பயணம் செய்யும் ஓட்டுநர்களும் உதவியாளர்களும், ஊரில் இருந்த அவர்களின் மனைவியரும் பாதிக்கப்பட்டனர். சென்னை மையத்தின் பதிவுகளில் காணப்பட்ட அதே தொற்று வழி இங்கும் காணப்பட்டது.

ஓட்டுநர்களிடையே ஆணுறைப் பயன்பாடு பற்றிய பரப்புரை, கருவுற்ற பெண்களுக்குச் சோதனை, அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை ஆகியவை தொடங்கப்பட்டன. நாமக்கல் அரசு மருத்துவமனையிலும் கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கூட்டு மருந்துச் சிகிச்சை மையங்கள் அமைந்தன. இதனால், கோயம்புத்தூர் – மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையம் போன்ற தொழிற்பகுதிகளில் வாழ்வோரும், திருப்பூர், கரூர் பகுதிகளின் ஆலைத் தொழிலாளர்களும் சிகிச்சைக்காகச் சென்னை வரை செல்ல வேண்டிய நிலை மாறியது.

திருமணமும் உரிமையும்

தொற்று உள்ளவர்கள் மணம் செய்துகொள்ளும் உரிமை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டதாகக் கருதத்தக்கது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1998 இல் ஒரு வழக்கில் கூறியது. 2002 இல் அதே நீதிமன்றம், அவ்வழக்கில் அக்கருத்தைக் கூறியிருக்கத் தேவையில்லை என்று தெளிவுபடுத்தியது. இக்காலத்தில் சாலமன், தொற்று உள்ள ஆண்களும் பெண்களும் தமக்குள் மணம் செய்துகொள்ளத் துணைபுரிந்தார். கணவரை இழந்த இளம் பெண்களும், தம் நிலையை மறைத்துத் தொற்றில்லாதவரை மணக்குமாறு பெற்றோரால் வற்புறுத்தப்பட்டவர்களும் இவரை நாடினர். உடல்நிலை, மொழி, குடும்ப விருப்பம் ஆகியவற்றைக் கருதி இவர் பொருத்தம் பார்த்தார். இப்பணியை மையமாகக் கொண்டு ஆன் கிம், பிரியா கிரி தேசாய் ஆகியோர் இயக்கிய லவ்சிக் என்னும் ஆவணப்படம் 2017 இல் வெளியானது.

தொற்று உள்ளவர்களை வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் வேறுபடுத்துவதைத் தடைசெய்யும் எச்.ஐ.வி, எய்ட்சு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017 இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது.

விருதுகளும் சிறப்புகளும்

2001 – தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வாழ்நாள் சாதனையாளர் விருது
2006 – அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம்
2009 – இந்திய அரசின் தேசியப் பெண் உயிரியல் அறிவியலாளர் விருது
2010 – தேசிய மருத்துவ அறிவியல் கழகத்தின் உறுப்பாளர்
2017 – பத்மசிறீ (மறைவுக்குப் பின்)

மறைவு

கணவர் விக்டர் சாலமன் 2006 ஆம் ஆண்டில் காலமானார். சுனிதி சாலமன் கணையப் புற்றுநோயால் 2015 ஜூலை 28 அன்று சென்னையில் தமது 76 ஆம் அகவையில் காலமானார். இவருடைய மகன் சுனில் சாலமன், ஜான் ஹாப்கின்சு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நோய்ப்பரவலியல் ஆய்வாளர்.

2023 ஆம் ஆண்டிற்கான அரசு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் எச்.ஐ.வி தொற்றுடன் வாழ்கின்றனர். இது வளர்ந்தோர் தொகையில் சுமார் 0.2 விழுக்காடாகும். 1986 இல் வேலூரில் நிறம் மாறிய ஆறு மாதிரிகளுக்கு உரிய பெண்கள் வாழ்ந்த காலத்தில் இந்நோய்க்கு எந்த மருந்தும் இல்லை. இன்று தொற்று கண்டறியப்பட்டு, தொடர்ந்து மருந்து உட்கொள்பவர் ஏறக்குறைய இயல்பான வாழ்நாளைப் பெற இயலும். குருதியில் தீநுண்மம் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்று பரவுவதில்லை.